குளிர்ந்தும் காயாத வீடு

ஹூஸ்டனில் செப்டம்பர் காலைகளில் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாக வியர்க்கிறது. உள்ளே இரவு முழுக்க ஏசி ஓடிக் கண்ணாடியைக் குளிர வைத்திருக்கிறது. வெளியே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வந்த காற்று தண்ணீரைச் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கிறது. நகரத்துக்கு மேற்கே, கேட்டி பகுதியில் இருக்கும் நண்பர் வீட்டுப் புல்தரையில் நின்று அந்தக் கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே துடைத்த இடம் மறுபடி மங்கிவிட்டது. சென்னைக் கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காற்று பழக்கமானதுதான். ஆனால் வீடு முழுவதையும் அடைத்து, சுவரில் மாட்டிய ஒரே ஒரு தெர்மோஸ்டாட்டின் பொறுப்பில் அந்தக் காற்றை ஒப்படைத்துவிடும் வாழ்க்கை நமக்கு அவ்வளவு பழக்கமில்லை.

நண்பர் குடும்பம் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, மின்கட்டணத்தை மிச்சப்படுத்தலாமென்று தெர்மோஸ்டாட்டை 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். செல்சியஸில் 29-க்குச் சற்று மேலே. திரும்பிப் போய் அலமாரியைத் திறந்தால் தோல் செருப்பு, பெல்ட், மகனுடைய மிருதங்கத்தின் வார் எல்லாவற்றிலும் பூசணம். துடைத்து வெயிலில் காயவைத்துவிட்டு, இனி இப்படி ஆகக்கூடாதென்று தெர்மோஸ்டாட்டை 71-க்கு இறக்கிவிட்டார்கள். அதாவது 21.7 செல்சியஸ். வீடு நன்றாகவே குளிர்ந்தது. ஆனால் படுக்கை விரிப்பு தொட்டால் ஈரமாக இருந்தது, பொரித்த அப்பளம் சாப்பாடு முடிவதற்குள் நமத்தது, உப்பு ஜாடியில் கட்டி தட்டியது. நண்பரின் அம்மா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். "குளுருதுப்பா. ஆனா கசகசன்னும் இருக்கு. ரெண்டும் எப்படிச் சேர்ந்து வரும்?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பக்கத்துத் தெரு அங்கிளை வரச் சொல்லியிருந்தார்கள். காரைக்குடிப் பக்கத்துக்காரர். மருத்துவமனை, அலுவலகம் போன்ற பெரிய கட்டடங்களின் ஏசி வேலையில் வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு டார்ச், ஸ்க்ரூ டிரைவர், உள்ளங்கை அளவில் வெப்பமும் ஈரமும் காட்டும் ஒரு மீட்டர். கூடவே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு பாட்டில் மூடி, அதில் ஈரக் கூழாக உப்பு.

உப்பைத்தான் முதலில் எடுத்தார். மீட்டரையும் உப்பு மூடியையும் ஒரே பைக்குள் வைத்து இறுக்கி மூடி, அலமாரித் தட்டில் வைத்தார். கரைந்தது போக மிச்சம் தங்கும் அளவுக்குச் சாப்பாட்டு உப்பைச் சிறிது தண்ணீரில் குழைத்து மூடிய இடத்தில் வைத்தால், சில மணி நேரத்தில் அங்குள்ள காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மீட்டர் 75 காட்டினால் நம்பலாம். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். அந்த மீட்டர் ஒரு நிலைக்கு வரும் வரை பயன்படுத்த, தன் பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்தார். "அளக்கற கருவிய அளந்து பாக்காம யாரும் முடிவெடுக்கக் கூடாது தம்பி" என்றார். தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் ஈர உணரி மெல்லிய பாலிமர் படலம். விலை மலிவு. மூன்று நான்கு சதவீதம் முன்னே பின்னே இருப்பது சகஜம்.

நடைபாதைச் சுவரில் தெர்மோஸ்டாட். திரையில் வெப்பம் 71, ஈரப்பதம் 62. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் 60-க்குக் கீழேயும், முடிந்தால் 30-க்கும் 50-க்கும் இடையிலும் வைக்கச் சொல்கிறது. 60-க்கு மேல் பூசணத்துக்கு வசதி. தூசியில் வாழும் நுண்பூச்சிகள் 50-க்குக் கீழே போனால்தான் பிழைக்கத் திணறும். வீட்டில் மூச்சிரைப்புள்ள குழந்தை இருந்தால் இந்த எண்களை அலட்சியப்படுத்த முடியாது.

"இந்த 62-ங்கறது எதுல 62-ன்னு கேளுங்க" என்றார் அங்கிள். ஈரப்பதம் என்று நாம் சொல்வது காற்றில் இருக்கும் தண்ணீரின் அளவை அல்ல. அந்தச் சூட்டில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. காற்று குளிரக் குளிர அந்தத் தாங்கும் அளவு குறைந்துகொண்டே வரும். ஒரு துளி தண்ணீரையும் சேர்க்காமல், எடுக்காமல், இதே காற்றை 71-லிருந்து 75 டிகிரிக்குச் சூடாக்கினால் 62 என்ற எண் 54 ஆகிவிடும். எனக்கு அந்த வீட்டின் சிக்கல் பிடிபட ஆரம்பித்தது அங்கேதான். ஈரத்தை விரட்ட வேண்டுமென்று குளிரைக் கூட்டினார்கள். ஏசி கொஞ்சம் தண்ணீரை இறக்கத்தான் செய்தது. ஆனால் காற்றின் கொள்ளளவும் கூடவே சுருங்கியதால் திரையிலிருந்த எண் இறங்கவில்லை. எண் இறங்காததால் இன்னும் குளிரைக் கூட்டினார்கள்.

அங்கிள் பார்ப்பது இந்தச் சதவீதத்தை அல்ல, பனிப்புள்ளியை. எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் காற்று தன் தண்ணீரைக் கைவிடத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. காற்று சூடானாலும் குளிர்ந்தாலும், அதிலிருக்கும் தண்ணீர் மாறாத வரை அது மாறாது. வீட்டுக்குள் பனிப்புள்ளி 14 செல்சியஸ். வெளியே 24. வெளியில் 35 டிகிரி மதிய வெயிலில் ஈரப்பதம் 53 சதவீதம் என்று வானிலை அறிக்கை சொல்லும்போது அது உலர்ந்த காற்றுபோலத் தோன்றுகிறது. அதே காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் நூறு சதவீதம். அதற்கும் கீழே குளிர்ந்தால் சுவரிலும் கண்ணாடியிலும் தண்ணீராக இறங்க வேண்டியதுதான்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ஏசி என்று இன்று நாம் அழைக்கும் இயந்திரம் ஆளைக் குளிர்விக்கப் பிறந்ததல்ல. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில் கோடை ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் பொருந்தாமல் விலகிக்கொண்டிருந்தது. அதைத் தீர்க்கத்தான் 25 வயது பொறியாளர் வில்லிஸ் கேரியர் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருளின் மேல் காற்றை ஓட்டும் அமைப்பை வரைந்தார். அவர் பிடிக்க முயன்றது 55 சதவீத ஈரப்பதத்தை. தெர்மோஸ்டாட் அதற்கும் மூத்தது. விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883-இல் மின்சார அறைத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வகுப்பறைகளைக் குளிர்காலத்தில் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும், அதுதான் அவருடைய கவலை. ஈரத்துக்காகப் பிறந்த இயந்திரத்தின் கடிவாளத்தைச் சூட்டை மட்டுமே அறிந்த ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டார்கள். வீடுகளில் இன்றுவரை பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். 1953-இல் ஹனிவெல் கொண்டுவந்த அந்த அழகான வட்டத் தெர்மோஸ்டாட்கூட வெப்பத்தை மட்டும்தான் பார்த்தது.

வெயில் ஏறுவதற்குள் அட்டிக்குக்குப் போய்விட வேண்டுமென்று அங்கிள் அவசரப்படுத்தினார். அட்டிக் என்பது கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் இருக்கும் பரண். ஹூஸ்டன் வீடுகளில் காற்றைத் தள்ளும் இயந்திரமும் டக்ட் குழாய்களும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன. மதியத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும் இடம். வீட்டிலேயே மிகக் குளிர்ந்த பொருளை வீட்டிலேயே மிகச் சூடான இடத்தில் வைக்கும் இந்த வழக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஆனால் லட்சக்கணக்கான வீடுகள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

மடக்கு ஏணியில் ஏறி, பலகை மேல் தவழ்ந்துபோய் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தோம். பெட்டிக்குள் காயில். நெருக்கமான அலுமினியத் தகடுகளின் ஊடே செப்புக் குழாய்கள். காற்று அதைக் கடக்கும்போது, ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக நனைவது போலத் தகடுகள் நனைகின்றன. நனைந்த தண்ணீர் கீழே தட்டில் வடிந்து, வெள்ளை பி.வி.சி. குழாய் வழியாகக் குளியலறைக் கழிவுநீர்க் குழாயில் சேர்கிறது. அந்தக் குழாயின் மேல் ஒரு சின்னத் திறப்பு இருக்கிறது. அங்கிள் அதன் மூடியை எடுத்துவிட்டு டார்ச்சை அடித்தார்.

கீழே தெர்மோஸ்டாட் அழைத்தது. வெளியே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. பெட்டி அதிர்ந்தது. நாங்கள் குழாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. காயில் குளிர வேண்டும், பிறகு தகடுகள் எல்லாம் நனைந்து ஊற வேண்டும், அதற்குப் பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஏழெட்டு நிமிடத்தில் நாலைந்து சொட்டு வந்தது. உடனே கம்ப்ரஸர் நின்றுவிட்டது. வீடு 71-ஐத் தொட்டுவிட்டது, தெர்மோஸ்டாட் தன் வேலை முடிந்ததென்று அணைத்துவிட்டது.

"பாத்தீங்களா? தண்ணி இறங்க ஆரம்பிக்கற நேரத்துல கடையச் சாத்திடுது."

காரணம், இயந்திரம் பெரிது. 5 டன். சுமார் 2,400 சதுர அடி வீடு, 500 சதுர அடிக்கு ஒரு டன் என்று வாய்ப்பாடாகப் போட்டு யாரோ மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவர், ஜன்னல், திசை, காற்றுக் கசிவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மேனுவல் ஜே என்றொரு முறை அங்கே இருக்கிறது. அதன்படி அங்கிள் போட்டுப் பார்த்ததில் மூன்றரை டன் போதும். பெரிய இயந்திரம் வாங்கினால் பாதுகாப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஈரமான ஊரில் அது நேர்மாறாகத்தான் முடிகிறது. பெரியது சட்டென்று குளிர்விக்கும், சட்டென்று நிற்கும். தண்ணீரை இறக்க இயந்திரத்துக்கு வேண்டியது நேரம். 5 டன் இயந்திரம் நிற்காமல் ஓடினால் மணிக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீரைப் பிழிந்துவிடும். ஏழு நிமிடத் தவணைகளில் ஓடினால் அதில் சிறு பங்குகூடக் கிடைப்பதில்லை.

அதைவிட மோசமான ஒன்று அடுத்து நடந்தது. கம்ப்ரஸர் நின்ற பிறகும் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. காற்று ஓடிக்கொண்டிருந்தால் பூசணம் வராது என்று நண்பர் விசிறியைத் தொடர்ந்து ஓடும்படி வைத்திருந்தார். அங்கிள் கீழே இறங்கி, கூடத்துக் காற்றுவாயில் மீட்டரைப் பிடிக்கச் சொன்னார். வரும் காற்றின் சூடு ஏற ஏற அதன் பனிப்புள்ளியும் ஏறியது. காயிலில் ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீரை விசிறி மறுபடி ஆவியாக்கி வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மின்சாரம் செலவழித்துப் பிடித்த தண்ணீர், மின்சாரம் செலவழித்தே திரும்பி வருகிறது. ஃபுளோரிடா சூரிய ஆற்றல் மையம் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது: விசிறி நிற்காமல் ஓடினால், கம்ப்ரஸர் குறைந்த நேரமே ஓடும் நாட்களில், ஏசியின் ஈரம் நீக்கும் திறன் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது.

நண்பர் தெர்மோஸ்டாட் பக்கம் போய் விசிறியைத் தானியங்கிக்கு மாற்றினார். ஒரு பைசா செலவில்லாத மாற்றம். அன்றைய நாளில் மிகப் பெரிய பலன் கொடுத்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அட்டிக்கில் இன்னொன்றையும் கண்டோம். வீட்டுக் காற்றை இயந்திரத்துக்கு இழுத்துவரும் டக்ட், பெட்டியோடு சேரும் இடத்தில் சாம்பல் நிறத் துணி டேப் உரிந்து தொங்கியது. டக்ட் டேப் என்ற பெயரில் விற்பதுதான். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 1990-களில் சோதித்தபோது, டக்ட் ஒட்டும் வேலைக்கு மட்டும் அது லாயக்கில்லை என்று தெரியவந்தது. சூட்டில் பசை காய்ந்து விடுகிறது. அந்த இடுக்கில் அங்கிள் கையை வைக்கச் சொன்னார். அட்டிக்கின் வெந்த காற்றை அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. அட்டிக் காற்று வெளிக்காற்றுதான், பனிப்புள்ளி 24. அதாவது இந்த இயந்திரம் ஓடும்போதெல்லாம் தானே வெளி ஈரத்தை உள்ளே கூட்டி வந்திருக்கிறது.

எவ்வளவு ஈரம் என்று ஏணியடியில் நின்று ஒரு கணக்குப் போட்டோம். ஒரு கனமீட்டர் வெளிக்காற்றில் சுமார் 21 கிராம் நீராவி. வீட்டுக்குள் நாம் விரும்பும் காற்றில் சுமார் 11. ஆக, நுழையும் ஒவ்வொரு கனமீட்டரும் 10 கிராம் தண்ணீரைக் கொண்டுவருகிறது. வீட்டின் கொள்ளளவு சுமார் 600 கனமீட்டர். மணிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு மாறினால் 2 லிட்டர் தண்ணீர், நாளுக்கு ஐம்பது லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஈரத்துக்குக் காரணம் நம்ம சமையல்தான், இட்லி ஆவிதான் என்று நண்பரின் மனைவி நெடுநாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு வேளை இட்லிக்குக் கொதிக்கும் தண்ணீர் முழுவதும் ஆவியாகி வெளியே வந்தாலும் அரை லிட்டர், முக்கால் லிட்டர். அந்த ஐம்பது லிட்டருக்கு முன்னால் அது பெரிதே இல்லை. இதை அங்கிள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "உங்க அடுப்ப யாரும் குத்தம் சொல்ல வேண்டாம்மா. இட்லிய நிறுத்தி இந்த வீடு காயப்போறதில்ல."

ஆனாலும் அடுப்புக்கு மேலே உள்ள மைக்ரோவேவ் விசிறியைப் போட்டுப் பார்த்தார். காற்று வெளியே போகவில்லை. முன்பக்கமாகச் சமையலறைக்குள்ளேயே வந்தது. பல அமெரிக்க வீடுகளில் இப்படித்தான், ஃபில்டர் வழியாகச் சுற்றிவிடுவார்கள், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் பிடிபடும். குளியலறை விசிறி நன்றாக வெளியே இழுத்தது. குளித்து முடித்து இருபது நிமிடம் ஓடினால் போதும், நாள் முழுக்க ஓடக் கூடாது என்றார். வெளியே தள்ளும் ஒவ்வொரு கனஅடிக்கும் ஈடாக எங்கோ ஓர் இடுக்கிலிருந்து வெளிக்காற்று உள்ளே வந்தே தீரும்.

சாயங்காலம் தெர்மோஸ்டாட்டைச் சுவரிலிருந்து கழற்றினார். அதற்கு முன் மெயினை அணைத்தார். பின்னால் 24 வோல்ட் கம்பிகள். சிவப்பு மின்சாரம் தருவது, மஞ்சள் கம்ப்ரஸரை அழைப்பது, பச்சை விசிறி, வெள்ளை ஹீட்டர், இன்னொன்று மின்சுற்றை முடிப்பது. உள்ளே நீல உறைக்குள் எதிலும் சேர்க்காமல் சுருட்டி வைத்திருந்த ஒரு கம்பி மிச்சம் இருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தெர்மோஸ்டாட்டில் ஈரம் நீக்கும் கட்டளைக்கென்று தனி முனை இருக்கிறது. மேலே இயந்திரத்தின் சர்க்யூட் போர்டிலும் அதற்கு எதிர்முனை இருக்கிறது. அந்த முனைக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தால் விசிறி முழு வேகம், மின்சாரம் நின்றால் வேகம் குறையும். ஆலையிலிருந்து வரும்போது ஒரு குட்டிக் கம்பியால் அதற்கு நிரந்தரமாக மின்சாரம் கொடுத்து, வசதி இருப்பதே தெரியாதபடி அனுப்பிவிடுகிறார்கள். பொருத்த வந்தவர்கள் அந்தக் குட்டிக் கம்பியை எடுக்காமலே போயிருக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய வசதி வருடக்கணக்காகப் பெட்டிக்குள்ளே தூங்கியிருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வந்தது. பத்து நிமிட வேலை அது.

விசிறி ஏன் மெதுவாக ஓட வேண்டும்? வழக்கமாக டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கனஅடி காற்றை ஓட்டுகிறார்கள். அதை 350-க்குக் கீழே கொண்டுவந்தால் காற்று காயிலோடு கூடுதல் நேரம் உறவாடுகிறது, காயில் இன்னும் குளிர்கிறது, அதிகத் தண்ணீர் இறங்குகிறது. வீடு மெதுவாகக் குளிர்வதால் இயந்திரமும் நீண்ட நேரம் ஓடுகிறது. ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது, காயிலில் பனி உறைந்து காற்றே அடைத்துக்கொள்ளும். எல்லா இயந்திரத்திலும் இது முடியாது. விசிறி மோட்டார் வேகம் மாறும் வகையாக இருக்க வேண்டும்.

குட்டிக் கம்பியை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த கம்பியால் இரண்டு முனைகளையும் இணைத்து, தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டிவிட்டு அமைப்புகளைத் திறந்தார். ஈரப்பத இலக்கு 50. வெப்பம் 75. அம்மாவுக்கு ஆச்சரியம், "ஏத்தறீங்களே?" என்றார். இன்னொரு அமைப்பு, ஈரம் இலக்குக்கு மேல் இருந்தால் குறித்த வெப்பத்துக்கும் கீழே எத்தனை டிகிரி வரை குளிர்விக்கலாம் என்பது. இப்போது வரும் நல்ல தெர்மோஸ்டாட்டுகளில் பெரும்பாலும் ஏதோவொரு பெயரில் அது இருக்கிறது. இரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்தார். அதற்கு மேல் கொடுத்தால் மறுபடி ஸ்வெட்டர்தான் என்றார். டக்ட் இடுக்குக்கு அவரே வீட்டிலிருந்து மாஸ்டிக் பசையும் வலைத்துணியும் கொண்டுவந்து தடவிவிட்டார். உப்புப் பையிலிருந்த மீட்டர் 76 காட்டியது. அதை வைத்துப் பார்த்தால் தெர்மோஸ்டாட் உண்மையைவிட இரண்டு கூட்டிச் சொல்கிறது. அதையும் திருத்தினார்.

இரவு படுக்கப் போகும்போது திரையில் 75, ஈரப்பதம் 52. பனிப்புள்ளி 13-ஐ ஒட்டி வந்துவிட்டது. நாலு டிகிரி சூடு கூடியும் அறை இதமாக இருந்தது. தோலிலிருந்து வியர்வை ஆவியாக முடிந்தால் உடம்புக்கு அந்த அளவு குளிர் தேவைப்படுவதில்லை. அம்மாவின் கேள்விக்கும் பதில் இதுதான். குளிரை இயந்திரம் கேட்டவுடனே கொடுத்துவிடுகிறது. உலர்த்துவதற்கு அதை ஓட விட வேண்டும்.

இதோடு முடித்திருந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றி அமைத்தால் போதும் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அடுத்து மழை வந்தது. வளைகுடாவிலிருந்து வந்த மேகம் நாள் முழுக்க வெளிச்சமே இல்லாமல் கொட்டியது. வெளியே 24 டிகிரி, பனிப்புள்ளி 23. உள்ளே குளிர்விக்க ஒன்றுமில்லை, ஏசி ஓட அவசியமே ஏற்படவில்லை. ஈரப்பதம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. 55, 58, 61. தெர்மோஸ்டாட் தனக்கு அனுமதித்த இரண்டு டிகிரியைப் பயன்படுத்திக்கொண்டது. கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் ஓட்டி 73-க்கு இறக்கியது. 59-க்கு வந்தது. பிறகு நிறுத்திக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் மறுபடி 61.

அங்கிள் குடையோடு வந்தார். எதிர்பார்த்தே வந்திருக்கிறார். "இதுக்கு மேல அதால முடியாது. தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்சு. பின்னால இருக்கற இயந்திரத்துக்கு என்ன தெரியுமோ அதத்தான் அது செய்யச் சொல்ல முடியும். இந்த இயந்திரத்துக்குக் குளிர வைக்காம காயவைக்கத் தெரியாது."

இந்த இடத்தில் அவர் சொன்ன ஒன்று என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. வீடுகள் மேம்பட மேம்பட இந்தச் சிக்கல் கூடுகிறது. குண்டு பல்பு போய் எல்இடி வந்துவிட்டது. ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி, வெயிலைத் தடுக்கும் பூச்சு. கூரையில் கனத்த காப்புப் போர்வை. எல்லாம் நல்லதே. ஆனால் இவை குறைப்பது சூட்டை. சூடு குறைந்ததால் ஏசி ஓடும் நேரம் குறைகிறது. மனிதர்கள் விடும் மூச்சு, குளியல், துணி, சமையல், கதவு திறக்கும்போது நுழையும் காற்று எதுவும் குறையவில்லை. பழைய ஓட்டை வீட்டில் நாள் முழுக்க ஓடிய இயந்திரம் தற்செயலாகவே ஈரத்தையும் இறக்கிக்கொண்டிருந்தது. புது வீட்டில் அந்தத் தற்செயல் இல்லை.

வேண்டியது தனி டிஹியூமிடிஃபயர். அதுவும் ஏசியின் உறவுதான், அதே கம்ப்ரஸர், அதே குளிர் காயில். வித்தியாசம், ஏசி தன் சூட்டை வீட்டுக்கு வெளியே கொட்டுகிறது, இது குளிர் காயிலுக்குப் பின்னாலேயே சூடான காயிலையும் வைத்துக்கொண்டு, காற்றைப் பிழிந்த கையோடு சூடேற்றி அதே அறைக்குத் திருப்பித் தருகிறது. வெளிவரும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக, நன்றாகக் காய்ந்து இருக்கும். மழை நாளுக்கு அதுதான் வேண்டும். கடையில் விற்கும் உருட்டிச் செல்லும் சிறிய பெட்டியும் உதவும். அதன் அட்டையிலுள்ள எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது. 2019-இல் சோதனை வெப்பநிலையை 80 ஃபாரன்ஹீட்டிலிருந்து 65-க்கு மாற்றிவிட்டதால், அதற்கு முன் நாளுக்கு 70 பைன்ட் என்று விற்ற பெட்டி இப்போது 50 பைன்ட் என்று விற்கிறது. நண்பர் வீட்டுக்கு அங்கிள் பரிந்துரைத்தது டக்டோடு சேர்த்து மாட்டும் பெரிய வகை, நாளுக்கு 45 லிட்டர் அளவில். அதையும் இதே தெர்மோஸ்டாட்டின் மிச்ச முனைகளில் இணைக்கலாம். வெயில் நாளில் ஏசியே ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும், குளிர்விக்கத் தேவையில்லாதபோது மட்டும் டிஹியூமிடிஃபயர் எழும்.

ஊருக்குப் போகும் மாதங்களுக்கு என்ன செய்வது என்று நண்பரின் மனைவி கேட்டார். குளிர்காலத்தை மட்டும் ஃபுளோரிடாவில் கழித்துவிட்டுக் கோடையில் வடக்கே திரும்பிவிடும் முதியவர்கள் இந்தப் பிரச்சினையை ரொம்ப நாளாகச் சமாளித்து வருகிறார்கள். தெர்மோஸ்டாட் பக்கத்திலேயே ஈரத்துக்கென்று ஒரு ஹியூமிடிஸ்டாட்டை மாட்டி, பூட்டிய வீட்டில் ஈரம் 60-ஐ நெருங்கினால்தான் ஏசி ஓடும்படி இணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். இங்கே இரண்டு வேலையையும் ஒரே கருவி பார்த்துக்கொள்ளும். வெப்பம் 80, ஈரம் 58-க்கு மேல் போகக் கூடாது என்று வைத்தால் போதும். 85 என்று வைத்து மிச்சப்படுத்திய கட்டணத்தைவிட அலமாரியைச் சுத்தம் செய்யத்தான் அதிகம் செலவாகியிருக்கிறது.

கிளம்புமுன் மறக்காமல் வடிகுழாயில் வினிகர் ஊற்றிக் கழுவிவிடச் சொன்னார் அங்கிள். பாசி அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பும். ஜன்னலுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் இரண்டாவது குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் முதல் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம், ஆனால் வீட்டில் ஆளில்லாதபோது அதை யார் பார்ப்பது? தட்டில் ஒரு மிதவை சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் உயர்ந்தால் அது மின்சாரத்தைத் துண்டித்து ஏசியை நிறுத்திவிடும். கூரை தப்பிக்கும், ஈரம் ஏற ஆரம்பிக்கும். ஆகவே ஈரப்பதம் 65-ஐத் தாண்டினாலும், தெர்மோஸ்டாட்டோடு தொடர்பே அறுந்துபோனாலும், கைபேசிக்குச் செய்தி வரும்படி வைத்தார். அந்தச் செய்தி தன் கைபேசிக்கும் வரும்படி சேர்த்துக்கொண்டு, வீட்டுச் சாவியில் ஒன்றையும் வாங்கிக்கொண்டார்.